சேலத்திலிருந்து கடலுக்கு: ஒரு கூட்டுக் குடும்பத்தின் கப்பல் சுற்றுலா குறித்த நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்திவரும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது பேர், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு இலங்கையின் அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டுத் திரும்பும் ஐந்து இரவுக் கப்பல் சுற்றுலா ஒன்றைக் கோடை விடுமுறையின் இறுதியில் மேற்கொண்டனர். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, அவருடைய இரு மகன்கள், இரு மருமகள்கள், திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள், பேரப்பிள்ளைகள் மூவர் என்பது அந்த ஒன்பது பேரின் கணக்கு. குடும்பத்தின் வேண்டுகோளின்படி பெயர்களையும் கப்பலின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

குடும்பச் சுற்றுலாக்களை ஏற்பாடு செய்து தரும் தொழிலில் நான் சேலத்தில் இருக்கிறேன். இந்தப் பயணத்தை அவர்கள் தாங்களாகவே இணையத்தில் பதிவு செய்துகொண்டார்கள். திரும்பி வந்தபின், கொடுத்த பணத்துக்கு நிறைவு இருந்ததா என்ற கேள்வியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபட்டது. அடுத்த ஆண்டுப் பயணத்தைப் பற்றிப் பேச அவர்கள் என்னிடம் வந்தபோது, பதில் சொல்வதற்கு முன் ஒன்பது பேரிடமும் தனித்தனியே பேச அனுமதி கேட்டேன். கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டால் பணம் கட்டியவரின் கருத்தே குடும்பத்தின் கருத்தாக வெளிவரும் என்பது இத்தொழிலில் நான் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. தனித்தனியே கேட்டபோது, ஒரே கப்பலில் ஒரே ஐந்து இரவுகள் இருந்தவர்கள் ஏறத்தாழ நான்கு வேறு பயணங்களைப் போய்வந்திருந்தார்கள் என்பது தெரிந்தது.

எதை எதிர்பார்த்துப் போனார்கள்

சேலத்துக் குடும்பங்களுக்குக் கடல் பழக்கப்பட்ட பொருளன்று. நீர்மேல் போவதென்றால் ஏற்காடு ஏரியில் மிதிபடகு, பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் விசைப்படகு, அவ்வளவுதான். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா 2022 ஜூன் மாதம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைத் துறைமுகங்களுக்கும் நீண்டபோது, விமானம் ஏறாமலே வெளிநாடு போகலாம் என்ற எண்ணம் இங்குள்ள பலருக்கும் உண்டானது. இந்தக் குடும்பத்தில் அந்த எண்ணத்தை விதைத்தவர் மூத்த மகன். ஆனால் போகலாம் என்று முடிவானதற்குக் காரணம் பாட்டி. திருஞானசம்பந்தர் பாடிய தலம் என்று அவர் இளவயதிலிருந்து ஓதிவந்த திருக்கோணமலை, அந்த விளம்பரத்தில் ஒரு நிறுத்தமாக இருந்தது. மகன்களும் மகளும் “அம்மாவுக்குக் கோணேசர் தரிசனம்” என்று ஒரே குரலில் சொல்லிப் பணத்தைத் திரட்டினார்கள்.

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். அவர்கள் விலை கொடுத்தது ஊர்களுக்கு. கப்பல் கொடுத்ததோ பெரும்பாலும் கடல்மீது கழியும் நேரம். ஐந்து இரவுப் பயணத்தில் கரையில் கால் வைக்கக்கூடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பகற்பொழுதைச் சற்றுத் தாண்டும். ஊரை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நேரத்தை எதிர்பாராமல் பெற்றவர்கள் மகிழ்ந்தார்கள்.

அறைகள்

மூத்த மகனும் மனைவியும் மாடத்துடன் கூடிய அறையை எடுத்துக்கொண்டனர். இளைய மகனும் மனைவியும் எட்டு வயது மகனும் ஜன்னல் அறையில் தங்கினர். பாட்டி, மகள், மகளின் மகன், மூத்தவரின் பதினைந்து வயது மகள் ஆகிய நால்வரும் கப்பலின் உட்பகுதியில் ஜன்னலே இல்லாத அறை ஒன்றில் இருந்தனர். சுவரிலிருந்து மடித்து இறக்கும் மேல்படுக்கைகளில் பிள்ளைகள் இருவரும், கீழே பெரியவர்கள் இருவரும் படுத்தார்கள். பாட்டி அறையில் தூங்க மட்டும்தானே போகிறார், அதற்கு ஜன்னல் எதற்கு என்பது பதிவு செய்தபோது சொல்லப்பட்ட காரணம்.

பாட்டி விடியற்காலை நான்கரைக்கு எழுபவர். சேலத்து வீட்டில் முற்றத்து வெளிச்சத்தைப் பார்த்தே பொழுதைக் கணிப்பவர். ஜன்னல் இல்லாத அறையில் முதல் நாள் விழித்தபோது அது நள்ளிரவா விடியலா என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களை எழுப்ப மனமின்றிக் குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து, அந்தக் கீற்று வெளிச்சத்தில் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். குளியலறை வாசலில் நீர் வெளியே வராதபடி உயர்த்தப்பட்டிருந்த விளிம்பு அவருடைய முழங்காலுக்கு ஒவ்வொரு முறையும் சோதனையாக இருந்தது. உறிஞ்சு விசையில் இயங்கும் கழிவறை எழுப்பும் திடீர்ச் சத்தம் முதல் இரு நாளும் அவரைத் திடுக்கிட வைத்தது. இவற்றை அவர் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது, “பசங்க ஆசையாக் கூட்டிட்டு வந்தாங்க, அதுல போயி இதைச் சொல்லலாமுங்களா” என்றார்.

மகள் அதைச் சொன்னார், கோபத்துடன் சொன்னார். செலவு ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது, அறைகள் மட்டும் சமமாக இல்லை என்பது அவருடைய வாதம். ஊர் திரும்பியபின் அண்ணன் தம்பிக்குள் எழுந்ததாக என்னிடம் சொல்லப்பட்ட மனத்தாங்கலின் வேர் இதுவே. மொத்தக் கட்டணத்தைத் தலைக்குப் பங்கிடுவது பேருந்துப் பயணத்துக்குப் பொருந்தும். அறைக்கு அறை விலை வேறுபடும் கப்பலில், யார் எந்த அறையில் என்பதையும் யார் எவ்வளவு என்பதையும் ஒன்றாகவே பேசி முடிக்கவேண்டும்; மூத்தவர்களின் அறையை முதலில் முடிவு செய்து, மீதமுள்ள பணத்தில் மற்றவர்கள் தங்களுக்கு இயன்றதைத் தேர்ந்துகொள்வதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. மூத்த மகனின் மாட அறை கப்பலின் முன்பகுதியில், மேல்தளத்தில் இருந்தது. பாட்டியின் அறை கீழ்த்தளத்தில், ஏறத்தாழ நடுவில். அலையில் கப்பலின் மூக்கும் வாலும் மாறிமாறி ஏறி இறங்கும்போது நடுப்பகுதி குறைவாகவே அசையும்; பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவருக்கே அசைவு அதிகம். மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறத் தொடங்கும் நேரத்தில், இலங்கையின் தென்கரையை நெருங்கிய இரவில் கடல் கனமாக இருந்தது. விலை மிகுந்த அறையில் இருந்த இருவரும் அன்றிரவு கண்மூடவில்லை. பாட்டி அயர்ந்து தூங்கினார்.

கடல் மயக்கம்

பெரிய கப்பல் ஆடாது என்று பதிவு செய்யும்போது யாரோ சொன்னதை எல்லாரும் நம்பியிருந்தார்கள். பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் நீட்டப்படும் துடுப்பு போன்ற சமனிகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மை. முன்பின் ஏற்ற இறக்கத்தை அவை பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை.

இளைய மகனின் எட்டு வயதுப் பையன் அந்த இரவில் நான்கு முறை வாந்தி எடுத்தான். அவனுடைய தாயிடம் பேசியபோது ஒன்று தெரியவந்தது: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவது எட்டாவது வளைவுக்குள் அவனுக்கு எப்போதும் குமட்டல் வந்துவிடும். மலைப்பாதையில் வருவதும் கடலில் வருவதும் ஒரே கோளாறு. உடலின் அசைவை உட்செவி ஒருவிதமாக உணர, கண் எதிரே உள்ள அசையாத சுவரைக் காண, இரண்டும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. கண்ணுக்குத் தொடுவானம் தெரிந்தால் அந்த முரண் குறைகிறது. அறைக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பையனைப் படுக்கவைத்ததும், கவனத்தைத் திருப்பக் கைப்பேசியில் விளையாட்டைக் கொடுத்ததும் நேர்மாறான விளைவையே தந்தன. மறுநாள் காலை பணியாளர் ஒருவர் அவனை நடுத்தளத்துக்கு அழைத்துச் சென்று, தூரத்துக் கடல்விளிம்பைப் பார்க்கச் சொல்லி, உலர்ந்த ரொட்டியும் பச்சை ஆப்பிளும் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் தெளிந்தான். அப்போதுதான் கப்பலின் ஓரத்திலிருந்து கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, நீர்மேல் வெகுதூரம் சறுக்கிப் போய் மறைவதை அவன் பார்த்தான். பயணம் எப்படி இருந்தது என்று நான் கேட்டபோது வாந்தியை அவன் குறிப்பிடவே இல்லை. அந்த மீன்களைத்தான் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான்.

குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்தால்தான் பலன் தரும். வாந்தி தொடங்கியபின் விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. ஏற்காடு ஏறும்போது யாருக்கு ஆகாது என்பது எந்தச் சேலத்துக் குடும்பத்துக்கும் தெரிந்த செய்தி. அவர்களுக்கான மருந்தைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள அந்த ஒரு தகவல் போதும்.

திருகோணமலையில் கிடைத்த நேரம்

அம்பாந்தோட்டையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அது சரக்கைக் கருதிக் கட்டப்பட்டு 2010-இல் திறக்கப்பட்ட துறைமுகம். இறங்கி நடந்துபோய்ப் பார்க்க அருகில் ஏதுமில்லாததால் சுற்றுலாப் பேருந்துக்குத் தனிக்கட்டணம் கட்டவேண்டும். இரவு முழுவதும் விழித்திருந்த மூத்தவரும் மனைவியும் இறங்கவில்லை. மற்றவர்களில் சிலர் போய்வந்தார்கள்.

திருகோணமலைதான் ஏமாற்றத்தின் மையம். கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும் என்று பயண நிரலில் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரமும் பயணிக்குக் கரையில் கிடைக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. கப்பலைத் துறைமேடையில் கயிற்றால் கட்டி நிறுத்தியபின் அதிகாரிகளின் அனுமதி, குடிநுழைவுச் சோதனை, படிக்கட்டில் வரிசை ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போனது. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அனைவரும் திரும்பிவிடவேண்டும். முந்திய இரவின் கடல்நிலையால் கப்பல் தாமதமாகவும் வந்திருந்தது. ஆனால் அந்தத் தாமதத்தை ஈடுசெய்யப் புறப்பாட்டைத் தள்ளிவைக்க இயலாது, ஏனெனில் வழிகாட்டி மாலுமியும் துறைமேடையும் குறித்த நேரத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். வானிலைக்கேற்ப நேரத்தையும் துறைமுகத்தையும் மாற்றும் உரிமை கப்பல் தலைவருக்கு உண்டு என்பது பயண ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் விதி. அந்த விதி பயணிகளின் பாதுகாப்புக்கானது. அதை நான் குறைகூற மாட்டேன்.

மீந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்து முதலில் கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளுக்குப் போனது, பிறகு சந்தைக்குப் போனது, கடைசியாகத்தான் கோட்டை வாயில் வழியே கோணேசர் மலைக்கு ஏறியது. பாட்டியால் விரைந்து நடக்க இயலாது. மகளும் பேத்தியும் இருபுறமும் கைத்தாங்கலாகப் பிடித்து அவரைச் சன்னிதிக்கு அழைத்துச் சென்றபோது, திரும்பிப் புறப்படக் கால்மணி நேரமே இருந்தது. தரிசனம் கிடைத்தது. மண்டபத்தில் உட்கார்ந்து பதிகத்தை முழுதாக ஓதவேண்டும் என்பதே அவர் சேலத்திலிருந்து சுமந்துவந்த ஆசை; இரண்டு பாட்டு முடிவதற்குள் வழிகாட்டியின் அழைப்பு வந்துவிட்டது. கடலைப் பார்த்துச் செங்குத்தாக இறங்கும் பாறையையும், இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவையும், வேண்டுதலாகச் சிறு தொட்டில்கள் கட்டப்பட்டிருந்த மரத்தையும் பேத்திதான் ஓடிப்போய்ப் பார்த்துவந்து அவருக்கு விவரித்தாள். மீதிப் பாடல்களைப் பேருந்தின் இரைச்சலுக்கிடையே அவர் முணுமுணுத்து முடித்தார்.

ஒரே நோக்கத்துக்காகப் போகும் ஒருவருக்குப் பொதுச் சுற்றுலாப் பேருந்து பொருந்தாது. துறைமுகத்திலிருந்து கோயில் தொலைவில்லை. ஒரு தனி வண்டி பேசியிருந்தால் நேராகப் போய் ஒன்றரை மணி நேரமாவது அமர்ந்திருக்கலாம். தனியே போகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற அச்சத்தில் பலர் பேருந்தையே தேர்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், இவ்வளவு அருகில் உள்ள இடத்துக்கு அது தேவையில்லை.

கப்பல் கொடுத்தவை

மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டபோது மிக நீளமாகப் பேசியவர்கள் மருமகள்கள் இருவரும். அந்த வீட்டில் விடிந்தது முதல் பட்டறை ஆட்களுக்கும் சேர்த்து அடுப்பு எரிகிறது. கப்பலில் மூன்று வேளையும் உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வந்தது. முதல் இரவு உணவின்போது மூத்த மருமகளால் உட்கார முடியவில்லையாம். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பரிமாறியே பழகிய கை, மேசைமேல் இருந்த துணிக்கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள்தான் தட்டில் சூடாக இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கினேன் என்றார். “அஞ்சு நாளா மத்தியானத்துக்கு என்ன கொழம்புன்னு யாரும் என்னைக் கேக்கலைங்க. எனக்கு அதுவே போதும்” என்றார்.

ஒன்பது பேரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், யாரும் எழுந்திருக்காமல் சாப்பிட்டது திருமண வீடுகளில்கூட நடந்ததில்லை என்று இளைய மகன் சொன்னார். காபி மட்டும் பாட்டிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சைவ உணவு தாராளமாகவே இருந்தாலும் வடநாட்டுச் சமையலின் சாயல் மிகுதி என்பதால், வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடிக்கு நாளுக்கு நாள் மதிப்பு ஏறியது.

இரவு பத்து மணிக்கு மேல் இளைய மருமகளும் நாத்தனாரும் மேல்தளத்தில் நெடுநேரம் நடந்திருக்கிறார்கள். சேலத்தில் அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் துணையின்றி நடப்பதை அவர்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. வண்டியில்லை, முறைத்துப் பார்ப்பாரில்லை, வீட்டுக்குப் போக அவசரமில்லை. பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் சீருக்கும் மட்டும் பேசிக்கொண்ட அந்த இருவரும் இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை; இந்தப் பயணத்தின் மிகப்பெரிய வரவு இதுவே என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் ஏமாற்றமாக இருந்தது. படத்தில் விரிந்து கிடந்த குளம் நேரில் சிறிதாகவும் கூட்டம் நிறைந்ததாகவும் இருந்தது. ஆயினும் வாகனங்களே இல்லாத ஓரிடத்தில் தாங்களாகவே சுற்றிவரும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வேளையும் மின்தூக்கியருகே உள்ள படிக்கட்டில் குறித்த நேரத்தில் வந்து முகம் காட்டவேண்டும் என்று அத்தை வகுத்த விதியை மூவரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

மூத்த மகனின் நிலை வேறு. முகூர்த்த நாள்கள் நிறைந்த வைகாசியில் பட்டறையை விட்டு வந்தவர் அவர். வெள்ளி விலை நாள்தோறும் மாறும். கரை மறைந்து சிறிது நேரத்தில் நம் ஊர் அலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். அதன்பின் கைப்பேசி தானாகவே கப்பலுக்கென இயங்கும் செயற்கைக்கோள் வலையமைப்பில் இணைந்துகொள்ளலாம், அதன் கட்டணம் சாதாரண வெளிநாட்டுத் திட்டங்களுக்குள் அடங்காது. புறப்பட்டதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றச் சொல்வது இதனால்தான். அவர் மாற்றவில்லை. ஊர் திரும்பியபின் வந்த அலைபேசிக் கட்டணமும், கப்பலிலேயே வாங்கிய இணையத் தொகுப்பும், பிள்ளைகள் அறைச்சாவி அட்டையை நீட்டி நீட்டி வாங்கிய பழச்சாறுகளும், சேவைக் கட்டணமும், கரைச் சுற்றுலாக்களும் சேர்ந்து, அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் நினைத்துப் பாராத ஒரு தொகையாயின. பயணத்தில் நிறைவில்லை என்று சொன்னவர் அவர் ஒருவரே. அவருடைய கணக்கு பொய்யில்லை. இரவில் தூக்கமில்லை, பகலில் தொடர்பில்லை, செலவோ அவர் கையில் வந்து முடிந்தது.

புறப்படும் முன் நடந்த அவசரக் கூடல் பயிற்சியைத் தவிர்க்க முயன்றவரும் அவரே. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூடவேண்டும் என்று காட்டும் அந்தப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தவேண்டும் என்பது, இத்தாலியக் கரையருகே 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபின் கடுமையாக்கப்பட்ட பன்னாட்டு விதி. பாட்டி உயிர்காப்பு அங்கியை அணிந்து, தன் படகின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, பேரன்களிடமும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார் என்று மகள் பெருமையோடு சொன்னார்.

முன்வைத்த ஏற்பாடு

ஒன்பது பேரின் சொற்களையும் வைத்துப் பார்த்தபின், ஒரு பயணத்தில் இரண்டு விருப்பங்களைத் திணித்ததே இங்கே நேர்ந்த சிக்கல் என்று அண்ணன் தம்பி இருவரிடமும் சொன்னேன். கப்பல் மருமகள்களுக்கும் பிள்ளைகளுக்கும் மீண்டும் ஏற்றது. அடுத்த முறை நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், ஜன்னல் உள்ள அறைகளாக ஒரே தரத்தில் எடுத்தால் செலவையும் சமமாகப் பங்கிடலாம். துறைமுகங்கள் குறைந்த பயணமே போதும்.

கோணேசர் தரிசனத்துக்குக் கப்பல் சுற்றுலா தேவையில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் படகுச் சேவை, இடைநிறுத்தத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில் மீண்டும் இயக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துப் போனால், யாழ்ப்பாணத்தில் நல்லூரையும் கீரிமலையையும் வணங்கிவிட்டு, சாலைவழியே திருகோணமலைக்குப் போய், மலையடிவாரத்தில் இரண்டு இரவு தங்கலாம். காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் பாட்டி தன் நடையிலேயே போய்வரலாம். மூத்த மகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மாவின் முழங்காலுக்குப் படகில் ஏறி இறங்குவது இயலுமா என்று கேட்டார். படகின் ஏறுபடி எவ்வளவு உயரம் என்பதை விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். மகள் திருப்பூரிலிருந்து அழைத்து, தானும் உடன் போவதாகவும், பையனின் தேர்வு முடியும் நாளைப் பள்ளியில் கேட்டுவிட்டுத் தேதி சொல்வதாகவும் தெரிவித்திருக்கிறார்.